டீச்சரிட்டக் கேளுங்க: வீட்டுல வாசிக்கிற ஆள் ஆரு?

இந்த முறை வந்த கடிதமெல்லாம் கிட்டத்தட்ட ஒரே விஷயம்தான், புதுச் சிலபஸ், புதுச் சீர்திருத்தம், வீட்டுல நாங்க என்ன செய்யிற. வாட்ஸ்அப்பில வொய்ஸ் அனுப்பினவங்களுக்கும் சேத்துத்தான் பதில். எழுதக் கஷ்டமெண்டா வொய்ஸ் போடுங்க எண்டு முதலே சொல்லியிருக்கன், அதுக்கு வெக்கப்பட ஒண்டுமில்ல. பேர் ஒண்டும் போடல்ல, ஊர் மட்டும்.

அஸ்ஸலாமு அலைக்கும் டீச்சர். மகன் இந்த வருஷம் முதலாம் ஆண்டு. பள்ளியில கூட்டம் வச்சு, அடிச்சு எழுத்துப் பழக்க வேணாம், புள்ளையோட கதைங்க, விளையாடுங்க, வாசிச்சுக் காட்டுங்க எண்டு சொன்னாங்க. நான் எட்டாம் ஆண்டோட நிண்டவ. இவர் கொழும்புல கடையில, மாசத்துக்கு ஒருக்காத்தான் வாற. வீட்டுல இருக்கிறது என்ட மூத்தம்மா, உம்மாட உம்மா, அவவுக்கு எழுத்து ஒண்டும் தெரியா, குர்ஆனும் அந்தக் காலத்து அரபுத்தமிழ் கிதாபும்தான் ஓதுவா. எங்கட வீட்டுல வாசிச்சுக் காட்ட ஆருமில்ல, புள்ளைய ரியூசனுக்கு விடுறதா? (ஒரு உம்மா, காத்தான்குடி)

வஅலைக்கும் ஸலாம் மகள். முதலாம் ஆண்டுப் புள்ளைக்கு ரியூசன் வேணா. அந்தக் காசுக்கு ஒரு கலர் பென்சில் பெட்டியும் ரெண்டு படக்கதைப் புத்தகமும் வாங்குங்க.

மூத்தம்மாவுக்கு எழுத்து ஒண்டும் தெரியா எண்டு எழுதின கையோட, அடுத்த சொல்லுலயே கிதாபு ஓதுவா எண்டும் எழுதியிருக்கீங்க, கவனிச்சீங்களா? அரபுத்தமிழ் எண்டா அரபு எழுத்துல எழுதின தமிழ்தானே மகள். அரபில இல்லாத ப, ள, ழ மாதிரிச் சத்தங்களுக்கு, இருக்கிற எழுத்துல புள்ளியக் கூட்டிப் புது எழுத்து உண்டாக்கி, தமிழ வலது பக்கத்திலருந்து எழுதி வச்சிருக்காங்க பழைய ஆக்கள். பொம்புளப் புள்ளைகளப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாத காலத்துல, ஓதப்போன இடத்துல அலிஃப் பே படிச்ச புள்ளைகள் அதே எழுத்தால தமிழையும் வாசிச்சதுகள், மாலைப் பாட்டு, கேள்வி-பதில் பாட்டான மசலா, கதை எல்லாம். சனத்தொகைக் கணக்கெடுப்புக்கு வந்த ஆள் சிங்களம் வாசிப்பீங்களா, தமிழ் வாசிப்பீங்களா, இங்கிலீசு வாசிப்பீங்களா எண்டு கேட்டு, மூண்டுக்கும் இல்ல எண்டு குறிச்சிட்டுப் போயிருப்பார். அவர்ல பிழையில்ல, அவர்ட பேப்பர்ல நாலாவது கட்டமில்ல. ஆனா நீங்களும் அந்தக் கணக்கெடுப்புக்காரர் மாதிரி எழுதினதுதான் எனக்குக் கவலை.

இப்ப செய்யிறதுக்கு வாறன். மகன்ட கொப்பியில ஒரு வெத்துப் பக்கத்த எடுங்க. "உம்மா" எண்ட சொல்ல மூத்தம்மா தன்ட எழுத்துல வலது பக்கத்திலருந்து எழுதட்டும், மகன் தமிழ்ல இடது பக்கத்திலருந்து எழுதட்டும், ரெண்டு பேரும் நடுப்பக்கத்துல வந்து முட்டட்டும். அடுத்த நாள் "வாப்பா", அதுக்கடுத்த நாள் வீட்டுப் பூனைட பேர். அவன் எப்பிடியும் பின்னேரத்துல ஓதப் போவான்தானே, மீம் எண்டா ம, நூன் எண்டா ந எண்டு அவனே புடிச்சிருவான். ஒரு சத்தத்துக்கு ஒரு கோடு கீறலாம், அந்தக் கோட்ட வேற ஆள் பாத்துத் திரும்பச் சத்தமாக்கலாம், வாசிப்புக்கு அடித்தளமே இதுதான். இது விளங்கின புள்ளைக்கு மத்ததெல்லாம் பழக்கம்தான்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கு. மகன் படம் கீறிட்டு வந்து இது என்ன தெரியுமா எண்டு அளப்பான்தானே, அவன் சொல்லுறத அப்பிடியே, ஒரு சொல்லும் மாத்தாம, படத்துக்குக் கீழ எழுதுங்க. "வாப்பா பஸ்ஸுல வாறாரு, பேக்ல மாம்பழம் இரிக்கி." இலக்கணம் பாக்க வேணா. எழுதிட்டு விரல வச்சு அவனுக்கு வாசிச்சுக் காட்டுங்க. தன்ட வாயால வந்தது கடதாசியில கிடக்கு எண்டு கண்ட புள்ள அந்தக் கடதாசிய விடமாட்டான். இதுக்கு எட்டாம் ஆண்டு தாராளம் மகள், மூண்டாம் ஆண்டே காணும்.

டீச்சர், புதுச் சீர்திருத்தத்துல ஆறாம் ஆண்டுக்குப் பழைய புத்தகத்துக்குப் பதிலா மொடியுல், சின்னச் சின்னப் பாடத்தொகுதி, எண்டாங்க, பிறகு இல்ல எண்டாங்க. மகளுக்கு எந்தப் புத்தகம்? (வாழைச்சேனை)

2026ல முதலாம் ஆண்டும் ஆறாம் ஆண்டும் சேந்து தொடங்கிற எண்டுதான் சொன்னாங்க, பிறகு ஜனவரியில ஆறாம் ஆண்ட 2027க்குத் தள்ளிட்டாங்க. பழைய புத்தகம்தான். ஆராவது மொடியுல் போட்டோக்கொப்பி எண்டு வித்தா வாங்காதீங்க.

(வொய்ஸ்ல வந்தது) வணக்கம் டீச்சர், நான் கொக்கட்டிச்சோலைப் பக்கம், வயல் வேலை. 1990ல சண்டை வந்து ஓடின நேரம் எனக்கு 11 வயசு, அதோட பள்ளி முடிஞ்சுது. மகன் நாலாம் ஆண்டு. வாற வருஷம் ஸ்கொலசிப், அஞ்சாம் ஆண்டுப் புலமைப்பரிசில் சோதனை, பாஸ்பேப்பரக் கொண்டுவந்து அப்பா இத விளங்கப்படுத்துங்க எண்டு நிக்கிறான். நான் எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிற, அவன் என்னப் பாத்துச் சிரிச்சிருவானோ எண்டு மாட்டப் பாக்கப் போறன் எண்டு எழும்பிருவன். வீட்டுல வேற புத்தகமும் இல்ல.

தம்பி, நீங்க பள்ளிய விடல்ல, பள்ளிதான் உங்கள விட்டது. 5 வயசிலருந்து 14 வரைக்கும் கட்டாயம் பள்ளிக்கூடம் அனுப்பணும் எண்டு சட்டம் நடைமுறைக்கு வந்தது 1998ல, உங்களுக்கு அப்ப 19. 2016ல அத 16 வயசு எண்டு கூட்டினாங்க. ரெண்டும் உங்களத் தாண்டிப் போயிட்டு. வாவிக்கு மேற்கால உங்கட படுவான்கரையில உங்கட வயசுல இப்பிடி எத்தின ஆம்புளைகள், ஆரும் வாய் திறந்து சொல்லுறல்ல, நீங்க சொல்லியிருக்கீங்க.

மாட்டப் பாக்கப் போறது நல்லதுதான், அவனையும் கூட்டிட்டுப் போங்க. வீட்டுல புத்தகம் இல்ல எண்டீங்க, பசளைப் பை இருக்கா? யூரியாப் பையில 50 கிலோ எண்டு இருக்கும், நைதரசன் 46 வீதம் எண்டு இருக்கும். அத அவன வாசிக்கச் சொல்லுங்க, நீங்க பக்கத்துல குந்தியிருந்து கேளுங்க. 100 கிலோவுல 46 எண்டா இந்தப் பையில எவ்வளவு மனே எண்டு கேளுங்க, அவன் கொப்பியில போட்டு 23 எண்டு வருவான். மிச்சம் 27 கிலோ என்ன அப்பா, மண்ணா எண்டு கேட்டா நீங்களும் யோசிங்க, ரெண்டு பேரும் நாளைக்கு சயன்ஸ் சேரிட்டக் கேளுங்க. உங்கட காணிக்கு எத்தின பை எண்டு நீங்க மனக்கணக்குல டக்கெண்டு சொல்லுவீங்க, அவன் எழுதிச் சரி பாக்கிறதுக்குள்ள நீங்க வெத்திலை போட்டு முடிச்சிருவீங்க. அப்ப ஆர் ஆரப் பாத்துச் சிரிக்கிற எண்டு பாப்பம்.

எழுத்துக்கூட்டி வாசிக்கிறத அவனுக்கு முன்னாலயே செய்யுங்க. அப்பாவும் இந்தச் சொல்லுல தடக்குப்பட்டுத் திரும்ப வாசிக்கிறார் எண்டு பாக்கிற புள்ள, தான் தடக்குப்படுற நேரம் புத்தகத்த மூடாது. இத நான் வகுப்புல கனக்கக் கண்டிருக்கன்.

எங்கட வீட்டுலயும் புத்தகம் இருக்கல்ல. 1980ல இலவசப் பாடப்புத்தகம் குடுக்கத் தொடங்கின நேரம் என்ட தம்பி சமூகக்கல்விப் புத்தகம் கொண்டுவந்தான், எங்கட அம்மா உலையில அரிசியப் போட்டுட்டு அந்தப் புத்தகத்த எடுத்து வச்சு விரலால வரியப் புடிச்சுக்கொண்டு வாசிப்பா, சோறு குழைஞ்ச நாளும் இருக்கு. 1945ல கல்வி மந்திரி கன்னங்கரா காலத்துல இலவசக் கல்வி வந்தது பெரிய காரியம், நான் மறுக்கல்ல, ஆனா பெரியாக்களையும் சேத்து வாசிக்க வச்ச சீர்திருத்தம் எதெண்டு கேட்டா நான் 1980ஐத்தான் சொல்லுவன். அத ஆரும் அந்தக் கண்ணால பாக்கல்ல. மகன்ட புத்தகம் உங்கட புத்தகமும்தான் தம்பி, அவன் நித்திரையான பிறகு எடுத்து வாசிங்க.

ஸ்கொலசிப்பப் பத்தி ஒரே ஒரு சொல். கிராமத்துப் புள்ளைகள நல்ல பள்ளிக்கு எடுக்கவும் வசதியில்லாத புள்ளைக்குக் காசு குடுக்கவும்தான் அந்தச் சோதனை. இப்ப வெட்டுப்புள்ளி எண்டு தாய்மார் காய்ச்சல்ல படுக்கிற அளவுக்கு வந்திட்டு. கிடைச்சா நல்லம், கிடைக்காட்டி அவனுக்குப் பள்ளி இல்லாமப் போகாது.

டீச்சர், நானும் டீச்சர்தான், திருக்கோவில் பக்கம், மூண்டாம் ஆண்டு. புதுச் சீர்திருத்தம் எண்டா பெற்றோர் ஒத்துழைப்பு வேணும் எண்டு மேலருந்து சொல்லுறாங்க. கூட்டம் வச்சா 32 பேர்ல 6 பேர் வருவாங்க. வாட்ஸ்அப் குரூப்புல போட்டாலும் நீல டிக் விழும், பதில் இல்ல. அக்கறையில்லாத சனத்த வச்சு என்ன செய்யிற?

தங்கச்சி, உங்கட மெசேஜோட நீங்க குரூப்புல போட்ட அறிவித்தலையும் அனுப்பியிருந்தீங்க, நல்லது. "மாணவர்களின் கற்றல் அடைவு மட்டத்தினை மேம்படுத்தும் முகமாக நடைபெறவுள்ள கலந்துரையாடலுக்கு சகல பெற்றோரும் தவறாது சமூகமளிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றீர்கள்." இத நான் ரெண்டு தரம் வாசிச்சன், 30 வருஷத்துக்கு மேல படிப்பிச்ச நான். அடைவு எண்டா எங்கட சனத்துக்கு நகை அடைவு வைக்கிறதுதான் ஞாபகம் வரும், அதுவும் போகம் வெட்ட முதல் காசு இறுகுற மாசம்.

இப்பிடி ஒரு வொய்ஸ் போட்டுப் பாருங்க: "வியாழக்கிழமை பின்னேரம் நாலு மணி, உங்கட புள்ள ஒரு கதை வாசிக்கப் போகுது, வந்து கேளுங்க. அம்மா வர ஏலாட்டி அம்மம்மா வாங்க, பெரியம்மா வாங்க, அக்கா வாங்க." புள்ளையக் குறை சொல்லக் கூப்பிட்டா ஆரும் வரமாட்டாங்க, புள்ளைட சத்தத்தக் கேக்கக் கூப்பிட்டா வருவாங்க. மறுகா தேதியையும் பாருங்க. பெப்ரவரி மார்ச்சுல பெரும்போக வெட்டு, அந்த நேரம் காலையில 10 மணிக்குக் கூட்டம் வச்சிட்டு அக்கறையில்ல எண்டா எப்பிடி?

அம்மம்மா, பெரியம்மா எண்டு சொன்னது சும்மா இல்ல. கொழும்புல இருந்து வாற படிவத்துல தாய், தந்தை, பாதுகாவலர் எண்டு மூண்டு கோடு கிடக்கும். எங்கட பக்கம், தமிழாக்களோ முஸ்லிமாக்களோ, பொம்புளப் புள்ளைக்குத்தானே வீடு குடுக்கிற, அதால தாய்ட வளவுக்குள்ளயே அக்கா தங்கச்சி வீடெல்லாம் ஒட்டி ஒட்டி இருக்கும். தாய் குவைத்துக்குப் போயிருந்தாலும் புள்ள அதே வளவுலதான். அந்த வளவுக்குள்ள ஏஎல் படிக்கிற ஒரு மச்சாள் இருப்பா, புள்ளைக்குக் கொப்பி பாக்கிறது அவதான், அவட பேர் உங்கட ரெஜிஸ்டர்ல இல்ல. அடுத்த முறை புள்ளைகளிட்டக் கேளுங்க, வீட்டுல உனக்கு ஆர் வாசிச்சுக் காட்டுற எண்டு. சொல்லுற பேர எழுதி வச்சு அந்த ஆளக் கூப்பிடுங்க.

உங்களுக்கு ஏசிறன் எண்டு நினைக்க வேணா, நான் செஞ்ச பிழையச் சொல்லுறன். இந்தக் கதைங்க விளையாடுங்க எண்ட சீர்திருத்தம் முதல் தரமும் இல்ல, 1998ல கம்பஹாவுல தொடங்கி 1999ல நாடு முழுக்க முதலாம் ஆண்டுக்கு வந்தது. நானும் செமினாருக்குப் போய் கலர் அட்டையெல்லாம் வெட்டி ஒட்டி வச்சிருந்தன். ஒரு பையன் வாயே திறக்கிறல்ல, தாயில்ல, அம்மப்பாதான் கூட்டிட்டு வாறவர், அவர் கைநாட்டு. அந்தப் பையன்ட அறிக்கையில நான் "வீட்டில் கற்பதற்கான சூழல் இல்லை" எண்டு எழுதினன், வடிவான எழுத்துல, சிவப்புப் பேனையால. வைகாசியில கண்ணகை அம்மன் கோயில் குளுத்திச் சடங்குக்குப் போனா, கண்ணகி கதைப் பாட்டு, வழக்குரை, வாசிக்கிறாங்க, வாசிக்கிறவர் ஒரு இடத்துல ஒரு அடியத் தாண்டிட்டார், அந்த அம்மப்பா தூணோட சாஞ்சு கண்ண மூடிக்கொண்டு இருந்தவர், கண்ணத் திறக்காமலே விட்ட அடியச் சொல்லுறார். வாசிச்சவர் திரும்பிப் போய் சரியா வாசிச்சார். பக்கத்துல அந்தப் பையன், அவன்ட வாயும் சேந்து அசையுது. எனக்கு அதுல இருக்க ஏலாமப் போயிட்டு.

அடுத்த தவணையில அவனிட்ட ஒரு நாள் காலமை ரெண்டு அடி பாடச் சொன்னன், பாடினான், அத போர்ட்ல எழுதினன், அவன் தன்ட பாட்டத்தான் முதல் முதல் வாசிச்சான். அறிக்கையில எழுதினத என்னால அழிக்க ஏலாது, சிவப்புப் பேனை.

டீச்சர், நான் காரைதீவு, கலியாணம் கட்டினது சிங்கள ஆள், அம்பாறை டவுண்ல இருக்கம். மகள் ஆறாம் ஆண்டு சிங்கள மீடியம். தமிழ் நல்லாக் கதைப்பா, வாசிக்கத் தெரியா. பிறந்தநாளுக்கு அம்மம்மா ஒரு கார்ட் அனுப்பினா, "கண்ணு, என்ட தங்கம், பக்கத்துல இருந்தா மடியில வச்சிருப்பன் மகளே" எண்டு எழுதியிருந்தா. மகள் என்னட்டத் தந்து வாசிக்கச் சொன்னா, எனக்கு அழுகை வந்திட்டு. பள்ளியில இரண்டாம் மொழியா தமிழ்ப் பாடம் இருக்கு, அது காணுமா?

அது காணாது மகள், ஆனா விட்டிராதீங்க. 1956ல சிங்களம் மட்டும் எண்டு சட்டம் போட்டு, 31 வருஷத்துக்குப் பிறகு 1987ல தமிழும் அரச கரும மொழி எண்டு அரசியலமைப்பத் திருத்தின நாடு இது, பாடமாவது இருக்குதே. பிரச்சினை என்னெண்டா அந்தப் பாடம் தமிழ் தெரியாத புள்ளைக்கு எழுதினது. உங்கட மகளுக்குத் தமிழ் தெரியும், எழுத்து மட்டும்தான் தெரியா.

சிங்களம் வாசிக்கிற புள்ள தமிழ்ல முதல் தடக்குப்படுற இடம் எனக்குத் தெரியும். சிங்களத்துல க்கவுக்கு ஒரு எழுத்து, ங்க எண்ணேக்க வாற சத்தத்துக்கு வேற எழுத்து. தமிழ்ல எல்லாத்துக்கும் ஒரே க. புள்ளைக்கு விசர் வரும். இதுக்கு அம்மம்மாட கார்ட விட நல்ல பாடப்புத்தகம் இல்ல, கொண்டாங்க அத. "கண்ணு", சொல்லுக்கு முதல்ல வந்தா அழுத்திச் சொல்லுற. "பக்கத்துல", ரெட்டையா வந்தாலும் அழுத்தித்தான். "தங்கம்", ங்-க்குப் பிறகு வந்தா உரப்பாகுது. "மகளே", நடுவுல தனிய வந்தா காத்து மாதிரி மெதுவாகுது. நாலும் அந்த ஒரு கார்ட்லயே இருக்கு, அம்மம்மா தெரிஞ்சோ தெரியாமலோ முழுப் பாடத்தையும் அனுப்பியிருக்கா. ச, ட, த, ப நாலுக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான். வாயால சரியாச் சொல்லத் தெரிஞ்ச புள்ளைக்கு இந்தச் சட்டம் மனப்பாடம் பண்ண வேணா, சொல்ல அடையாளம் கண்டா சத்தம் தானா வரும்.

முதல் ஒரு மாசம் மகள் அம்மம்மாவுக்குத் தமிழ சிங்கள எழுத்துலயே எழுதட்டும். ஓம், தமிழ்தான், எழுத்து மட்டும் சிங்களம். ஊர்ல கொறை சொல்லுவாங்க, சொல்லட்டும், மேல காத்தான்குடி மூத்தம்மா செய்யிறதும் அதுதானே. அதுக்குக் கீழ நீங்க தமிழெழுத்துல எழுதி விடுங்க, ரெண்டு வரியும் சேந்து போகட்டும். அப்பாவையும் பக்கத்துல இருத்துங்க, அவருக்கும் மாமியார்ட எழுத்து வாசிக்க ஆசை இருக்கும், கேட்டுப் பாருங்க. ஒண்டு மட்டும், மகளுக்கு முன்னால அழாதீங்க, தமிழ் எண்டா அம்மாட அழுகை எண்டு அவ நினைச்சிருவா.

நாங்க டச்பார் பக்கம், பறங்கியாக்கள், போத்துக்கீசர் வழி வந்தவங்க. அம்மம்மாவும் அவட தங்கச்சியும் போத்துக்கீஸ் கதைப்பாங்க, எங்களுக்கு அரைவாசி விளங்கும், புள்ளைகளுக்கு ஒண்டும் விளங்கா. புள்ளைகள் படிக்கிறது தமிழ்ல. பள்ளியில இல்லாத பாஷையப் படிப்பிச்சு என்ன பிரயோசனம் எண்டு இவர் கேக்கிறார். (மட்டக்களப்பு)

ஒல்லாந்தர் மட்டக்களப்புக் கோட்டையப் போத்துக்கீசரிட்டயிருந்து புடிச்சது 1638ல. கோட்டை போயும் பாஷை உங்கட குசினியில இருக்கு, அது என்ன லேசான விஷயமா? பிரயோசனம் கேக்கிறவருக்குச் சொல்லுங்க, புள்ள வகுப்புல இருக்கிற வாங்கு, எழுதுற மேசை, புத்தகம் வைக்கிற அலுமாரி, வெளிய பாக்கிற ஜன்னல், எல்லாம் உங்கட ஆக்கள்ட சொல்லு, நாங்கதான் கடன் வாங்கி வச்சிருக்கம்.

ஒரு வீட்டுக்கொப்பி போடுங்க. அம்மம்மா சொல்லச் சொல்லப் புள்ள தமிழெழுத்துல எழுதட்டும், காது கேக்கிற மாதிரி. போனுல ரெக்கோர்டும் பண்ணி வைங்க, எழுதினது பிசகினா பிறகு திருத்தலாம். சமையல் சாமான்ல தொடங்குங்க, மறுகா ஏச்சுப் பேச்சு, புள்ளைகளுக்கு அதுதான் கெதியாப் பிடிக்கும். சாவிக்கு அம்மம்மா என்ன சொல்லுறா எண்டு மட்டும் அடுத்த மாசத்துக்கு முதல் எனக்கு வொய்ஸ்ல அனுப்புங்க.